டொமைன் யார் பேர்ல இருக்கு?

கடை வாடகை ஒப்பந்தம் எங்கன்னு கேட்டா உடனே பீரோவைத் திறப்பாங்க. ஜிஎஸ்டி சர்டிபிகேட் கல்லாவுக்குப் பின்னாடி சுவத்துல ஃபிரேம் போட்டுத் தொங்கும். தொழில்வரி ரசீது, கரண்ட் கார்டு, இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் ஒரே ஃபைல்ல ஒழுங்கா இருக்கும். அதே முதலாளிகிட்ட "உங்க வெப்சைட்டோட டொமைன் யார் பேர்ல இருக்கு? எந்தக் கம்பெனியில வாங்கினது? எந்தத் தேதியோட முடியுது?"ன்னு கேட்டுப் பாருங்க. "அதெல்லாம் வெப்சைட் பண்ணிக்கொடுத்த தம்பி பாத்துக்குறாருங்க"ன்னுதான் பதில் வரும். வருஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபா பெறுமானமுள்ள ஒரு பதிவு அது. ஆனா அதை நம்பி என்னென்ன நிக்குது பாருங்க: பில் புக்ல, விசிட்டிங் கார்டுல, வேன் மேல, டப்பா லேபிள்ல அச்சடிச்ச விலாசம் அது. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து ஆர்டர் வர்ற ஈமெயிலும் அதுலதான் ஓடுது. இவ்வளவும் இன்னொருத்தர் ஈமெயில்ல, இன்னொருத்தர் போன்ல வர்ற ஓடிபியில நிக்குதுன்னா எனக்கு எரிச்சலா வருது. அதுவும், பெரும்பாலான கம்பெனிகள்ல இதைச் சரிபண்ண ஒரு மத்தியான நேரம் போதும்ங்கறப்ப இன்னும் ஜாஸ்தியா வருது.

வெப்சைட் நம்ம கையில இருக்குன்னு எப்ப சொல்லலாம்? கோடிங் தெரிஞ்சிருக்கணும், சர்வர் நடத்தத் தெரிஞ்சிருக்கணும்னு யாரும் கேக்கல. கேக்க வேண்டியது ஒரே கேள்வி. நாளைக்கே வேற ஆளை வெச்சு வேலை பாக்கணும்னா, இப்ப இருக்கறவரோட தயவு இல்லாம மாத்த முடியுமா? முடியும்னா வெப்சைட் உங்களோடது. முடியாதுன்னா, நீங்க மாசாமாசம் காசு கட்டினாலும் அது அவரோடதுதான். இந்தப் பதிலைத் தீர்மானிக்கற விஷயங்கள்ல டொமைன் முதல் இடத்துல இருக்கு. ஹோஸ்டிங், டிசைன், கோட், கூகுள் கணக்குங்க எல்லாம் அதுக்குப் பின்னாடிதான் வருது. இந்த வரிசையைத்தான் நிறைய பேர் தலைகீழா புரிஞ்சு வெச்சிருக்காங்க. டிசைனுக்காக மூணு மாசம் மீட்டிங் போடுவாங்க. டொமைனைப் பத்தி மூணு நிமிஷம்கூடப் பேச மாட்டாங்க.

ஏன் டொமைனுக்கு முதல் இடம்? அது எப்படிப் பதிவாகுதுன்னு பாப்போம். உலக அளவுல இந்தப் பேர்களுக்கு விதி போடறது ஐகேன், 1998ல அமெரிக்காவுல தொடங்கின லாபநோக்கமில்லாத அமைப்பு. டாட் காம் பட்டியலை வெரிசைன் கம்பெனி வெச்சிருக்கு. நம்ம டாட் இன் பட்டியலை நிக்ஸி வெச்சிருக்கு. நமக்கு நேரா விக்கறவங்க ரெஜிஸ்ட்ரார். கோடாடி, பிக்ராக், ஹோஸ்டிங்கர் மாதிரி கம்பெனிகள். இவங்க பதிவேட்டுல "ரெஜிஸ்ட்ரன்ட்"னு ஒரு இடம் இருக்கு. அங்க யார் பேர் இருக்கோ அவங்கதான் ரெஜிஸ்ட்ரார் கண்ணுக்கு உரிமையாளர். நீங்க ஏஜென்சிக்குப் பணம் கொடுத்தீங்க, ஏஜென்சி உங்களுக்கு பில் கொடுத்தாங்க, அதெல்லாம் அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது. வீட்டைக் கட்டிக்கொடுத்த மேஸ்திரி பேர்ல கிரயப் பத்திரம் பதிஞ்சா எப்படியோ அப்படி. மேஸ்திரி ரொம்ப நல்லவரா இருக்கலாம், ஆனாலும் சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ்ல யாரும் அப்படிப் பதிய மாட்டோம்.

டொமைன் உங்ககிட்ட இருந்தா மத்த எதையும் மீட்டுடலாம். இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா மொத்த வாதமும் இதுமேலதான் நிக்குது. இணையத்துல முக்கியமான பல சேவைகள் "இது உன் கம்பெனிதானா?"ன்னு சோதிக்க ஒரு வழி வெச்சிருக்கு. டொமைனோட டிஎன்எஸ்ல (டொமைன் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற பதிவுகள்ல) ஒரு சின்ன வரியைச் சேர்த்துக் காட்டுங்கறதுதான் அந்த வழி. கூகுள் சர்ச் கன்சோல்ல உரிமை கேட்டா அதைத்தான் கேக்கும். கம்பெனி மெயில் நிர்வாகி பாஸ்வேர்டு போயிடுச்சு, மீட்டுக்கொடுங்கன்னு கேட்டாலும் அதைத்தான் கேக்கறாங்க. பிரவுசர்ல பூட்டுச் சின்னம் வரவைக்கற சான்றிதழை இலவசமா கொடுக்கற லெட்ஸ் என்கிரிப்ட்கூட, டொமைன் உன் கட்டுப்பாட்டுல இருக்கான்னு மட்டும்தான் பாக்குது. (அந்த சான்றிதழுக்கு வருஷாவருஷம் ஆயிரக்கணக்குல பில் போடறவங்ககிட்ட எதுக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க.) ஹோஸ்டிங் பறிபோச்சா, வேற இடத்துல வாங்கி டொமைனை அந்தப் பக்கம் திருப்பி விட்டுடலாம். டிசைன் போச்சா, புதுசா போட்டுக்கலாம். வாடிக்கையாளர் டைப் பண்ற விலாசம் அதேதான், மெயிலும் அதேதான். டொமைன் போனா மட்டும், மத்த எல்லாம் பத்திரமா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. உங்களைத் தேடி வர்றவங்க வேற வாசலுக்குப் போயிடுவாங்க.

இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு, அது இன்னும் மோசம். டொமைனை வெச்சிருக்கறவர் எம்எக்ஸ்ங்கற ஒரு பதிவை மாத்தினா, உங்க கம்பெனிக்கு வர்ற மெயில் அத்தனையும் அவர் சொல்ற இடத்துக்குப் போகும். அந்த மெயில் ஐடியில நீங்க பதிஞ்சு வெச்ச எந்தக் கணக்குக்கும் "பாஸ்வேர்டு மறந்துட்டேன்" அமுக்கினா, லிங்க் அவர் கைக்கு வரும். 2014 ஜனவரியில நவோகி ஹிரோஷிமாங்கறவருக்கு கிட்டத்தட்ட இதுதான் நடந்துச்சு. ட்விட்டர்ல ஒத்தை ஆங்கில எழுத்துல, "என்"ங்கற பேர் வெச்சிருந்தவர் அவர். அந்தப் பேர் மேல கண்ணு வெச்ச ஒருத்தன், இவரோட டொமைன்கள் இருந்த ரெஜிஸ்ட்ரார் கம்பெனிக்கு போன் போட்டு, இவர்தான் பேசறார்னு நம்பவெச்சு, அக்கவுண்டையே எடுத்துக்கிட்டான். அவன் ட்விட்டரை நேரா உடைக்கவே இல்ல. டொமைனைப் பிடிச்சுக்கிட்டு "பேரைக் கொடுத்தா வெப்சைட்டைத் திருப்பித் தர்றேன்"னு பேரம் பேசினான். அவரும் கொடுத்துட்டார் (பிறகு அந்தப் பேர் அவருக்குத் திரும்பக் கிடைச்சது). தொழில்நுட்பம் நல்லாத் தெரிஞ்ச ஒரு மனுஷனுக்கே இந்த நிலைமை. டொமைன் அக்கவுண்டுக்கு ரெண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்க, அந்த ஓடிபி முதலாளி போனுக்கே வரட்டும்னு நான் அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டா, ரெண்டு பழைய வழக்கு ஞாபகம் வருது. கேரி கிரெமன்னு ஒருத்தர் 1994ல செக்ஸ் டாட் காம்னு ஒரு டொமைன் பதிஞ்சார். 1995ல ஸ்டீபன் கோஹன்ங்கறவர் ஒரு போலிக் கடிதத்தை ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்ப, அவங்களும் விசாரிக்காம அவர் பேருக்கு மாத்திட்டாங்க. நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது 2000 கடைசியில. அடுத்த வருஷம் 6.5 கோடி டாலர் இழப்பீடுன்னு தீர்ப்பு. 2003ல மேல்முறையீட்டு நீதிமன்றம், டொமைனும் ஒரு சொத்துதான், திருட்டுப் போனா ரெஜிஸ்ட்ராரையும் பொறுப்பாக்கலாம்னு சொல்லுச்சு. நீதி கிடைச்சது, ஆனா பேர் மட்டும் திரும்பி வரவே 5 வருஷம். இதுக்கு நேர் எதிர் கதை நிசான் டாட் காம். அமெரிக்காவுல ஊசி நிசான்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் வியாபாரி, தன்னோட குடும்பப் பேர்ல 1994லயே பதிஞ்சு வெச்சார். 1999 கடைசியில ஜப்பான் கார் கம்பெனி வழக்குப் போட்டுச்சு, வருஷக்கணக்கா இழுத்துச்சு. கார் சம்பந்தமா அங்க விளம்பரம் போடறதுக்குக் கட்டுப்பாடு வந்துச்சே தவிர, 2020ல அவர் சாகற வரைக்கும் அந்த டொமைனை அவர்கிட்ட இருந்து வாங்க முடியல. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு எதிரா ஒரு சின்னக் கடைக்காரர் நின்னதுக்கு அடிப்படையா இருந்தது, பதிவேட்டுல இருந்த அவர் பேர்தான்.

சரி, இப்ப எதிர்வாதங்களுக்கு வருவோம். முதல்ல வர்றது: "எங்கிட்ட இருந்தா ரினியூ பண்ண மறந்துடுவேன். அவங்ககிட்ட இருந்தா கரெக்டா பண்ணிடுவாங்க." மறதி நிஜமான பிரச்சினைதான், நான் மறுக்கல. 1999 கிறிஸ்துமஸ் சமயத்துல மைக்ரோசாஃப்டே ஹாட்மெயில் லாகினுக்கான பாஸ்போர்ட் டாட் காமை ரினியூ பண்ண மறந்து, ஹாட்மெயிலுக்குள்ள நிறைய பேரால நுழைய முடியாமப் போச்சு. மைக்கேல் சேனின்னு ஒரு புரோகிராமர் தன் கார்டுல 35 டாலர் கட்டி அதைச் சரிபண்ணினார். மைக்ரோசாஃப்டுக்கே மறதி வருதுன்னா, ஒரே நேரத்துல இருபது, முப்பது வாடிக்கையாளர்களைப் பாக்கற தம்பிக்கு வராதா? டாட் காம் மாதிரி பேர்களுக்கு ஐகேன் விதி தெளிவா இருக்கு. முடியறதுக்கு சுமார் ஒரு மாசம் முன்னாடி ஒரு நினைவூட்டல், ஒரு வாரம் முன்னாடி இன்னொண்ணு, முடிஞ்ச 5 நாளுக்குள்ள மறுபடி ஒண்ணு அனுப்பியே ஆகணும். இதெல்லாம் பதிவுல இருக்கற ஈமெயிலுக்குத்தான் போகும். அது தம்பியோட பழைய மெயிலா இருந்தா உங்களுக்கு ஒரு எழுத்துகூட வராது. (அந்தப் பதிவுல அதே டொமைன்ல ஓடற கம்பெனி மெயிலைக் கொடுக்காதீங்க. டொமைன் நின்னா மெயிலும் நின்னுடும், கடைசி எச்சரிக்கை எங்கயும் போய்ச் சேராது. தனி ஜிமெயில் ஒண்ணு கொடுங்க.)

மறதிக்கு மருந்தும் இருக்கு. டாட் காமை ஒரே தடவையில அதிகபட்சம் 10 வருஷத்துக்குக் கட்டிடலாம். அவ்வளவு வேண்டாம்னா 5 வருஷம் கட்டுங்க. ஆட்டோ ரினியூவல் போட்டு வைக்கலாம், ஆனா இந்தியக் கார்டுல அதை மட்டும் நம்பி உக்காரக் கூடாது. 2021 அக்டோபர் 1ல இருந்து கார்டுல தானா பணம் எடுக்க ரிசர்வ் வங்கி தனி ஒப்புதல் விதி கொண்டு வந்த பிறகு, வெளிநாட்டுக் கம்பெனிகளோட ஆட்டோ டெபிட் நிறைய நடுவுலயே நின்னு போச்சு. அதனால தேதியைக் காலண்டர்ல எழுதுங்க, ஆடிட்டர் ஆபீஸ்லயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. அப்படியும் தவறிப்போனா, ரெஜிஸ்ட்ரார் டொமைனை நீக்கின பிறகு 30 நாள் மீட்புக் காலம்னு ஒண்ணு இருக்கு. அபராதம் வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு வரும், ஆனா பேர் கிடைச்சுடும். அதையும் தாண்டிட்டா பேர் பொதுவுக்கு வந்துடும். அப்படி விழற பேர்களைப் பிடிக்கறதுக்குன்னே தானியங்கி புரோகிராம் வெச்சுக் காத்துக்கிட்டு இருக்கற ஆளுங்க உலகம் பூரா இருக்காங்க.

அடுத்தது கொஞ்சம் மனசு சம்பந்தப்பட்டது. "நம்ம பையன்தாங்க, தங்கமானவன். அவன்கிட்ட போய் இதையெல்லாம் கேட்டா சந்தேகப்படற மாதிரி ஆயிடும்." தங்கமானவர்னே வெச்சுக்குவோம். தங்கமானவருக்கும் துபாய்ல வேலை கிடைக்கும், பழைய சிம் கார்டு செத்துப்போகும். ஏஜென்சி பங்காளிங்க பிரிவாங்க. உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில படுப்பாங்க. அந்த நேரத்துல ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும், நல்லவர்ங்கறதால அது உங்க போனுக்கு வந்துடாது. சொல்லப்போனா டொமைனை உங்க பேருக்கு மாத்தறது அவருக்கும் பாதுகாப்பு. அவர் கைவசம் வெச்சிருக்கற வரைக்கும் ரினியூவல் தவறினாலும் பழி அவர்மேல, அக்கவுண்ட் திருட்டுப் போனாலும் பழி அவர்மேல. நல்ல டெவலப்பர்கள் முதல் நாளே "சார், டொமைன் உங்க கார்டுல, உங்க பேர்லயே வாங்கிடுங்க"ன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். வேலை பாக்க அவருக்கு ஓனர் பாஸ்வேர்டு தேவையே இல்ல. பெரிய ரெஜிஸ்ட்ரார்கள்ல இன்னொருத்தருக்கு வேலைக்கான அனுமதி மட்டும் தனியாக் கொடுக்கற வசதி இருக்கு. வேர்ட்பிரஸ்லயும் ஆளுக்கு ஒரு லாகின் போடலாம். வேலை முடிஞ்சா அந்த அனுமதியை மட்டும் எடுத்துட்டா போதும்.

டெவலப்பர் பக்கத்து வாதத்தையும் கேக்கணும், ஏன்னா அதுல நிறைய நியாயம் இருக்கு. "பாஸ்வேர்டு கொடுத்த மறுநாள் போனை எடுக்க மாட்டாங்க. பாதிப் பணம் நிலுவையில நிக்கும். டொமைன் ஒண்ணுதான் எங்களுக்குப் பிடிமானம்." உண்மைதான். சின்ன டெவலப்பர்களை அலையவிடற முதலாளிங்க நிறைய இருக்காங்க, அது தப்பு. ஆனா பிடிமானத்துக்கு டொமைனைப் பிடிக்கறப்ப, 8,000 ரூபா பாக்கிக்காக ஒரு தொழிலோட மொத்த மெயிலும் நின்னு போகுது. பாக்கியையும் அந்த நஷ்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கவே முடியாது. இதுக்கு வேற வழி இருக்கு. டொமைன் முதல் நாள்ல இருந்தே ஓனர் பேர்ல இருக்கட்டும். சைட் டெவலப்பரோட சோதனை சர்வர்ல வளரட்டும். கடைசித் தவணை வந்த பிறகு சைட்டை ஓனர் ஹோஸ்டிங்குக்கு மாத்தட்டும். அதுக்கப்புறமும் பணம் வரலைன்னா சட்டம் இருக்கு. உத்யம் பதிவு வெச்சிருக்கற சின்ன நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும்னு 2006ம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டம் சொல்லுது. தவறினா ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்தைப்போல 3 மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க அரசோட தனித் தளமே இருக்கு. வெப்சைட் பண்ற தம்பிங்க உத்யம் பதிவு பண்ணி வெச்சுக்கங்க, பில்லுல அந்த நம்பரைப் போடுங்க.

கடைசியா வர்ற வாதம்தான் இன்னைக்கு ரொம்ப வலுவானது. "வெப்சைட்டே எதுக்குங்க? இன்ஸ்டாகிராம் பேஜ் இருக்கு, வாட்ஸ்அப் பிசினஸ் இருக்கு, கூகுள் மேப்ல கடை வருது. அது போதாதா?" நிறையக் கடைகளுக்குத் தினசரி வியாபாரம் அங்கதான் நடக்குது, அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனா அங்க இருக்கற எதுவும் உங்க பேர்ல பதிவானது இல்ல. கூகுள் தன்னோட பிசினஸ் புரொஃபைல் மூலமா சின்னக் கடைகளுக்கு இலவச வெப்சைட் கொடுத்துச்சு. "பிசினஸ் டாட் சைட்"னு முடியற விலாசம், ரெண்டு நிமிஷத்துல ரெடி. 2024 மார்ச்ல அதை மொத்தமா மூடிட்டாங்க. ஜூன் 10 வரைக்கும் பழைய விலாசம் புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டுச்சு, அதுக்கப்புறம் பக்கம் கிடைக்கலைன்னு காட்டுச்சு. அந்த விலாசத்தைப் பலகையில எழுதிப் போட்டவங்க பலகையை மாத்த வேண்டியதாப் போச்சு. சொந்த டொமைன் வாங்கி அதை அந்த இலவச சைட்டோட இணைச்சு வெச்சிருந்தவங்களுக்கு மட்டும் விலாசம் தப்பிச்சது, வேற இடத்துல சைட்டைக் கட்டி அங்க திருப்பிக்கிட்டாங்க. 2020 ஜூன் 29 ராத்திரி இந்திய அரசு 59 ஆப்களைத் தடை பண்ணினப்ப டிக்டாக்ல ஃபாலோயர் சேர்த்து வியாபாரம் பண்ணினவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அரசு முடிவு சரியா தப்பாங்கறது வேற விவாதம். அவங்க அந்த வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கிட்டு வெளிய வர வழி இல்லைங்கறதுதான் இங்க பேச்சு. இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் பண்ணுங்க, அதுல கொடுக்கற லிங்க் உங்க டொமைனா இருக்கட்டும். கூகுள் புரொஃபைல்லயும் முதன்மை ஓனர் நீங்களா இருந்து, ஏஜென்சியை மேனேஜரா மட்டும் சேருங்க. அங்க வர்ற ரிவ்யூ எல்லாம் பல வருஷத்துச் சேமிப்பு.

டொமைன் கைக்கு வந்துடுச்சுன்னா அடுத்த கவலை, உள்ள இருக்கற சரக்கு. இங்க நான் வேர்ட்பிரஸ் பக்கம் சாயறவன்தான், மறைக்கல. 2003ல இருந்து இருக்கற திறந்த மூல மென்பொருள் அது, இந்த சர்வர்ல இருந்து அந்த சர்வருக்குத் தூக்கிக்கிட்டுப் போகலாம், ஊருக்கு ஊர் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க. விக்ஸ் மாதிரி தளங்கள் சுலபம், ஆனா அங்க கட்டின சைட்டை அப்படியே வேற இடத்துக்கு எடுத்துக்கிட்டுப் போக முடியாது. ஷாப்பிஃபைல பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எக்செல்ல திறக்கற மாதிரி எடுக்கலாம், டிசைன் அங்கயே தங்கும். அதுக்காக அதெல்லாம் வேண்டாம்னு சொல்லல. பத்துப் பொருள் விக்கற வீட்டுத்தொழிலுக்கு அந்தச் சுலபம் பெரிய விஷயம். வெளிய வர்றப்ப எது கூட வரும், எது வராதுன்னு தெரிஞ்சு உள்ள போங்க, அது போதும். தீம், பிளகின் லைசென்ஸ் யார் பேர்லன்னும் கேளுங்க. ஏஜென்சி லைசென்ஸ்ல ஓடிக்கிட்டு இருந்தா அவங்க விலகின பிறகு அப்டேட் நிக்கும், பழைய பிளகின்ல ஓட்டை வழியா ஹேக்கர் வருவான். திருட்டுத் தீம் போட்டிருந்தா ஓட்டை உள்ளயே இருக்கும்.

பேக்கப் எடுத்தாச்சான்னு கேட்டா "ஹோஸ்டிங்லயே எடுக்கறாங்க"ன்னு சொல்வாங்க. 2021 மார்ச் 10ம் தேதி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஹெச் கம்பெனியோட டேட்டா சென்டர் கட்டடம் ஒண்ணு எரிஞ்சே போச்சு. லட்சக்கணக்கான சைட்டுங்க நின்னுச்சு. பேக்கப்பும் அதே வளாகத்துல இருந்தவங்களுக்கு ரெண்டும் சேர்ந்து போச்சு, சிலர் கோர்ட்டு வரைக்கும் போனாங்க. வேர்ட்பிரஸ்னா ஃபைல்கள், டேட்டாபேஸ், ரெண்டும் வேணும். ஒண்ணு மட்டும் இருந்தா சைட் எழுந்திருக்காது. மாசம் ஒரு தடவை உங்க டிரைவுக்கே வந்து சேர்ற மாதிரி வெச்சுக்கங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதை வேற இடத்துல ஏத்திப் பாக்கச் சொல்லுங்க, அப்படிப் பாக்காத பேக்கப்பை நம்ப முடியாது.

காப்புரிமை விஷயம் பலருக்குத் தெரியாது, தெரிஞ்சா அதிர்ச்சியா இருக்கும். நீங்க காசு கொடுத்து எழுத வெச்ச கோடோட முதல் உரிமை, இந்தியச் சட்டப்படி தானா உங்களுக்கு வந்துடறது இல்ல. 1957ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் 17ம் பிரிவுப்படி, உங்ககிட்ட சம்பளத்துக்கு இருக்கற ஊழியர் வேலையின் பகுதியா எழுதினா உரிமை உங்களுக்கு. வெளியில இருக்கற ஃப்ரீலான்ஸரோ ஏஜென்சியோ எழுதினா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் உரிமை எழுதினவங்களுக்கு. அதை மாத்தி வாங்கணும்னா கையெழுத்துப் போட்ட எழுத்து வேணும், 19ம் பிரிவு அதைத்தான் சொல்லுது. அந்த எழுத்துல காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்னு எடுத்துக்கும், இடம் குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துக்கும். அதனால வேலை உத்தரவுலயே, கடைசித் தவணை கொடுத்த அன்னைக்கு டிசைன், கோட், படங்கள், எழுத்து எல்லாத்தோட காப்புரிமையும் உலகம் முழுசுக்கும், சட்டப்படியான முழுக் காலத்துக்கும் கம்பெனிக்கு மாறுதுன்னு எழுதி வாங்குங்க. டெவலப்பர் எல்லா வாடிக்கையாளருக்கும் பயன்படுத்தற பொதுவான கோட் துண்டுகள் அவருக்கே இருக்கட்டும், அதை நீங்க பயன்படுத்தற அனுமதி மட்டும் போதும். அதுலயும் உரிமை கேக்கறது அநியாயம்.

வாடிக்கையாளர் தகவலுக்கு வர்றப்ப சட்டம் இன்னும் கறாரா இருக்கு. 2023ம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வேலையை யார்கிட்ட ஒப்படைச்சாலும் பொறுப்பு தொழில் நடத்தறவர்மேலதான்னு சொல்லுது. பாதுகாப்பு தவறினா அபராத உச்சவரம்பு 250 கோடி. சின்னக் கடைக்கு அந்த உச்சம் விதிக்க மாட்டாங்கதான். ஆனா ஆர்டர் ஃபார்ம்ல வந்த பேரு, போன் நம்பர், விலாசம் எந்த சர்வர்ல இருக்குன்னே தெரியாதுங்கறது இனி பதிலா எடுபடாது.

இப்ப மாட்டிக்கிட்டவங்க என்ன பண்றது? முதல்ல ஐகேன் லுக்கப் பக்கத்துல உங்க டொமைனைப் போட்டுப் பாருங்க. எந்த ரெஜிஸ்ட்ரார், எந்தத் தேதி முடியுதுன்னு தெரியும். ஓனர் பேர் பெரும்பாலும் மறைச்சிருக்கும், 2018ல ஐரோப்பாவோட தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு அப்படித்தான். ரெஜிஸ்ட்ரார் பதிவுல உங்க பேர்தான் இருக்குன்னா, பான், ஜிஎஸ்டி சான்று, பில்லோட ரெஜிஸ்ட்ராரை நேரா அணுகுங்க, தம்பி ஊர்ல இல்லைன்னாலும் மீட்க வழி இருக்கு. பேர் அவரோடதா இருந்து, கொடுக்கவும் மறுத்தா பாதை கஷ்டம். டாட் காமுக்கு யூடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பின்னு தகராறு தீர்க்கற முறை இருக்கு. ஆனா உங்களுக்கு அந்தப் பேர்ல டிரேட்மார்க் உரிமை இருக்கணும், அவர் கெட்ட எண்ணத்தோட வெச்சிருக்கார்னு காட்டணும். யூடிஆர்பியை வைப்போங்கற உலக அறிவுசார் சொத்து அமைப்புல போட்டா ஒரு நபர் விசாரணைக்கே 1,500 டாலர் கட்டணம், ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுது. 2004ல சத்யம் இன்ஃபோவே வழக்குல நம்ம உச்ச நீதிமன்றம் டொமைன் பேருக்கும் டிரேட்மார்க் மாதிரி பாதுகாப்பு உண்டுன்னு சொல்லியிருக்கு, அதை வெச்சு சிவில் கோர்ட்டுக்கும் போகலாம். அதுக்கும் வருஷங்கள் ஆகும். வருஷத்துக்கு ஆயிரம் ரூபா பதிவுக்கு இவ்வளவு அலைச்சல்.

அதனால உறவு நல்லா இருக்கறப்பவே கேளுங்க. ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள்ள ஒரு அக்கவுண்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தறது பெரும்பாலும் இலவசம், சீக்கிரமும் முடியும். வேற ரெஜிஸ்ட்ராருக்கு மாத்தணும்னா ஆத் கோடுங்கற ரகசியக் குறியீடு வேணும். டாட் காமுக்கு அதைக் கேட்ட 5 நாளுக்குள்ள ரெஜிஸ்ட்ரார் கொடுத்தாகணும். மாத்தறப்ப எம்எக்ஸ் பதிவுகளைக் காப்பி எடுத்து வைக்கச் சொல்லுங்க. புதுசா வர்றவங்க நேம் சர்வரை மாத்தி, மெயிலை மறந்துடறது ரொம்பச் சாதாரணமா நடக்குது. தம்பிகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தயங்கறவங்க இதையே வாட்ஸ்அப்ல அனுப்புங்க:

"தம்பி, கம்பெனி பேர்ல ஒரு டொமைன் அக்கவுண்ட் திறந்திருக்கேன். நம்ம டொமைனை அதுக்கு மாத்திக் கொடுத்திடுங்க. வேலை தொடர்ந்து நீங்கதான் பாக்கப் போறீங்க, உங்களுக்குத் தேவையான அனுமதியை அதுலயே கொடுத்திடறேன். மாத்தறதுக்கு உங்க சார்ஜ் என்னன்னு சொல்லுங்க, பழைய பாக்கி ஏதாவது இருந்தா அதையும் சேர்த்து இன்னைக்கே போட்டுவிடறேன்."